ஒரே கம்பியில் ஏழு டெலிபோன்

பாலக்காட்டுச் சமவெளியில், எலப்புள்ளியில் பிறந்தவனுக்கு மலை என்பது தூரத்தில் நீலமாகத் தெரிய வேண்டிய ஒன்று. மாலையில் வரப்பில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். அதன் மேல் ஏறிப் போய் வேலை பார்ப்பது எனக்குச் சரிப்பட்டு வராது என்று முன்பே தெரியும். தெரிந்து என்ன செய்ய? எழுபதுகளின் நடுவில், மழைக்காலம் முடிகிற சமயத்தில், கஞ்சிக்கோட்டில் நான் வேலை பார்த்த சின்ன டெலிபோன் கம்பெனி என்னை இடுக்கி மலைமேல் இருக்கிற சக்குபள்ளத்துக்கு அனுப்பிவிட்டது.

அங்கே ஓர் ஏலத்தோட்டத்தில் எங்கள் கம்பெனி ஏழு டெலிபோன்கள் மாட்டிக் கொடுத்திருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் மணி அடிக்கும் பழைய மாதிரிக் கருவிகள். அவை சரியில்லை என்று தோட்டத்திலிருந்து புகார்மேல் புகார். "போயிட்டு வாங்க, நல்லா குளுகுளுன்னு இருக்கும்" என்றார் என் மேலதிகாரி. அவர் போனதே இல்லை.

இடுக்கி எனக்கு வெளிநாடு மாதிரிதான். கேரளத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போகத் தமிழ்நாட்டுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வர வேண்டியிருந்தது. வழியெல்லாம் தமிழ்தான். ஆனாலும் நான் "ஏனுங்க, இந்த பஸ் எங்கீங்க போகுது?" என்று கேட்டதும் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் "அங்கிட்டு, இங்கிட்டு" என்று பதில் சொன்னபோது நான் திரும்பிப் பார்த்தேன். கணக்கு நேராகிவிட்டது.

மலை ஏறி முடித்ததும் சோதனைச்சாவடியில் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். காக்கிச் சட்டைக்காரர் உள்ளேயிருந்து காதில் வைத்துப் பேசும் கருவியை எடுத்துத் தன் காதில் வைத்துப் பார்த்தார். "ஒன்றும் கேட்கவில்லையே" என்றார் மலையாளத்தில்.

"கம்பி இல்லீங்களே."

"எங்கள் ஆபீசில் கம்பி இருக்கிறது. அப்போதும் ஒன்றும் கேட்பதில்லை" என்று பெருமூச்சு விட்டுப் பெட்டியை மூடிக் கொடுத்தார்.

அங்கிருந்து ஜீப். ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு அந்த ஊரில் விதி எதுவும் கிடையாது. நான் என் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து ஒரு காலை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு போனேன். ஹாரன் வேலை செய்யவில்லை. ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் தலையை வெளியே நீட்டி "ஓய்!" என்று கத்தினார். எதிரே வந்த லாரிக்காரனும் "ஓய்!" என்றான். எங்கள் டிரைவர் முன்பு பள்ளிவாசல் என்ற ஊர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வண்டி ஓட்டியவராம். "அங்க தேயில, இங்க ஏலம். ரெண்டு எடத்துலயும் அட்ட மட்டும் ஒரே சாதி சார்" என்றார். அட்டையைப் பற்றி நான் கேட்கவேயில்லை.

தோட்டத்து ஆபீசில் என்னை எதிர்கொண்டவர் கணக்குப்பிள்ளை தங்கையா. ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய அப்பா காலத்தில் கம்பம் பக்கத்திலிருந்து வந்து தோட்டத்திலேயே நிலைத்துவிட்ட குடும்பம். கழுத்தைச் சுற்றிய மப்ளரை நான் அங்கே இருந்தவரை அவர் கழற்றவேயில்லை.

"வாங்க தம்பி. கை காலெல்லாம் வெறச்சுப்போயிருக்கும், மொதல்ல சாயாவக் குடிங்க."

குடித்தேன். பால் இல்லாத வெறும் சாயா. கண்ணுக்கு எட்டிய தூரம் ஏலச்செடி நிற்கிற ஊரில் சாயாவில் ஏலக்காய் வாசனையே இல்லை. "ஏனுங்கண்ணா, இதுல ஏலக்கா போட மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"விக்கிற சரக்க நாமளே குடிச்சா தோட்டம் வெளங்குமா தம்பி?"

பிறகு அவர் விஷயத்தைச் சொன்னார். இரண்டு மாதம் முன்பு, பெருமழையில் மரம் விழுந்து டெலிபோன் கம்பி அறுந்துவிட்டது. அது தெரியாமல் தோட்டத்தின் மேல்கோடியான மேல் டிவிஷனில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டதும், அங்கே கூலியாட்களை மேற்பார்க்கிற கங்காணி டிஸ்பென்சரியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். யாருக்கும் மணி அடிக்கவில்லை. கடைசியில் கம்பளியில் போட்டுக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். தாய் பிழைத்தாள். குழந்தை தங்கவில்லை.

"கம்பிய மறுநாளே இழுத்துக் கட்டியாச்சு. ஆனா அதுக்கப்புறம் அது சரியாவே இல்ல தம்பி. சும்மா பேசினா நல்லா கேக்குது. அவசரம்னு கூப்பிட்டாத்தான் கேக்க மாட்டேங்குது. பேய் புடிச்ச மாதிரி. மேல இருக்கிற சனம் போஸ்டுல எலுமிச்சம்பழம் கட்டிருச்சு."

நான் வருவதற்கு ஒரு மாதம் முன்பு எங்கள் கம்பெனியிலிருந்து இன்னொருவர் வந்து பார்த்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதில் மேனேஜருக்குக் கோபம். தோட்டத்தில் மேனேஜரை அப்போதும் துரை என்றுதான் சொன்னார்கள். ஏதோ கூட்டத்துக்காகக் கொச்சிக்குப் போயிருந்த துரை, ஞாயிற்றுக்கிழமை தான் திரும்பி வருவதற்குள் சரியாகவில்லை என்றால் கம்பியை எல்லாம் அறுத்துக் கருவிகளைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிவிடச் சொல்லியிருந்தார்.

"எம்மக செல்வி மேல் டிவிஷன்லதான் இருக்கா" என்றார் தங்கையா, என்னைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்துக்கொண்டு. "நெறமாசம். மொதப் பிரசவம் இங்கன எங்க வீட்டுல பாத்தோம். இது ரெண்டாவது, மாமியா வீட்டுல. எம்பொஞ்சாதியும் மேல போய் அவகூடத்தான் இருக்கா."

டம்ளரை மேசையில் கவிழ்த்து வைத்தார். நான் இன்னொரு சாயா கேட்கவில்லை.

மறுநாள் காலையில் வேலையைத் தொடங்கினேன். வாசிக்கிறவர்களுக்கு இந்த டெலிபோன் எப்படி வேலை செய்யும் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். ஆபீஸ், துரை பங்களா, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர், டிஸ்பென்சரி, மேல் டிவிஷன், நடு டிவிஷன், கீழ் டிவிஷன் என்று ஏழு இடம். ஏழுக்கும் சேர்த்து ஒரே ஓர் இரும்புக் கம்பிதான். இடையில் யாரும் உட்கார்ந்து இணைப்புக் கொடுக்க வேண்டியதில்லை. எந்த இடத்தில் கைப்பிடியைச் சுற்றினாலும் மற்ற எல்லா இடத்திலும் மணி அடிக்கும். அந்த மணி யாருக்கு என்பதை அடிக்கிற மாதிரியை வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டும். டிஸ்பென்சரிக்கு இரண்டு நீளம், ஒரு குட்டை. ஆபீசுக்கு மூன்று குட்டை. இப்படி ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம். தன்னுடைய மணி அடித்தால் எடுக்க வேண்டும், அடுத்தவருடைய மணி அடித்தால் பேசாமல் இருக்க வேண்டும். வடிவமைத்தவர்கள் மனிதர்களைப் பற்றி ரொம்ப நல்ல அபிப்பிராயம் வைத்திருந்திருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் இந்த வேலை சுலபம். ஒரு கம்பத்தடியில் நின்றால் அடுத்த பத்துக் கம்பம் வரிசையாகத் தெரியும். பனைமரம் மட்டும்தான் இடைஞ்சல். அங்கே மரநிழலுக்குள் வானமே தெரியவில்லை. கம்பி ஒரு சரிவில் மறைந்தால் அடுத்து எங்கே வெளியே வரும் என்று தேடிப் போக வேண்டியிருந்தது. தேடிப் போன இடத்தில் அட்டைகள் காத்திருந்தன. ஜீப் டிரைவர் சொன்னது சரிதான். முழங்காலுக்குக் கீழே புகையிலைத் தண்ணீரைத் தேய்த்துக்கொண்டு போனேன். அவை முழங்காலுக்கு மேலே ஏறிக்கொண்டன.

கம்பி நன்றாகவே இருந்தது. ஒட்டுப் போட்ட இடம் இறுக்கமாக இருந்தது. எர்த்துக்காக மண்ணில் இறக்கியிருந்த கம்பிகளைத் தோண்டிப் பார்த்தேன், மண்ணும் தேவையான ஈரத்தோடுதான் இருந்தது. எலுமிச்சம்பழம் கட்டிய போஸ்டையும் விடவில்லை. பழம் மட்டும் வாடிப்போயிருந்தது.

மத்தியானம் டிஸ்பென்சரிக்குப் போனேன். கம்பவுண்டர் ஜோசப் கோட்டயத்துக்காரர், பெரிய மீசை, பெரிய குரல். கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கும் மீன்குழம்பும் வைத்திருந்தார். காந்தாரி மிளகாயை உப்போடு நசுக்கித் தொட்டுக்கொள்ளக் கொடுத்தார். எங்கள் வீட்டுக் கொள்ளுப்பருப்பை நினைத்துக்கொண்டுதான் வாயில் வைத்தேன். வைத்தபிறகு கொள்ளுப்பருப்பு ஞாபகத்துக்கு வரவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றேன்.

சாப்பிட்டு முடித்து அங்கிருந்தபடியே ஒவ்வோர் இடமாகக் கூப்பிட்டேன். ஆபீசில் தங்கையா எடுத்தார், பக்கத்தில் நின்று பேசுவதுபோல் இருந்தது. ஸ்டோர், மூன்று டிவிஷன், பங்களாவில் சமையல்காரர், எல்லாரும் கணீரென்று பேசினார்கள். முன்பு வந்தவரும் இதே மாதிரிதான் டிஸ்பென்சரியில் உட்கார்ந்து எல்லாரையும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். நானும் போய்விடலாம்தான். ஆனால் தங்கையா டம்ளரைப் பார்த்துக்கொண்டு பேசியது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் மேல் டிவிஷனுக்கு ஏறினேன். ஜீப் பாதை பாதி வழியில் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை. என்னைப் போன்ற சமவெளி மனிதனுக்கு அது பாதையே இல்லை, சுவர். மேலே கங்காணி வீட்டு வெளிச்சுவரில் டெலிபோன் மாட்டியிருந்தது. கங்காணிதான் செல்வியின் மாமனார். செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து எனக்குச் சாயா கொடுத்தாள்.

"இது சரியாயிருமாண்ணே?" என்று டெலிபோனைக் கண்ணால் காட்டிக் கேட்டாள்.

"சரி பண்ணிப்போடலாம்மா" என்றேன், எதை நம்பிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாமல்.

இரண்டு நீளம், ஒரு குட்டை சுற்றினேன். டிஸ்பென்சரியில் ஜோசப் எடுத்தார். எடுத்தார் என்று நினைக்கிறேன். அவ்வளவு பெரிய குரல் கிணற்றுக்கு அடியிலிருந்து வருவதுபோல் வந்தது. என்ன சொல்கிறார் என்று ஒரு வார்த்தை புரியவில்லை. நான் கத்தினேன், அவரும் கத்தினார். செல்வி சுவரில் சாய்ந்து நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கருவியைத் திறந்து பேட்டரியை மாற்றினேன். பயனில்லை. இறங்கி டிஸ்பென்சரிக்குப் போய் அங்கே உள்ளதைத் திறந்து பார்த்தேன். எல்லாம் ஒழுங்கு. அங்கிருந்து மேல் டிவிஷனுக்கு மணி அடித்தேன். கங்காணி எடுத்து "சொல்லுங்க தம்பி" என்றார். அவர் இருமியதுகூடத் தெளிவாகக் கேட்டது.

எனக்குத் தலை சுற்றியது. அதே கம்பி. அதே இரண்டு கருவி. கீழேயிருந்து கூப்பிட்டால் கேட்கிறது, மேலேயிருந்து கூப்பிட்டால் கேட்கவில்லை. பேச ஆரம்பித்துவிட்ட பிறகு யார் முதலில் கூப்பிட்டது என்பது கம்பிக்கு எப்படித் தெரியும்?

ஜோசப் ஒரு விளக்கம் வைத்திருந்தார். "இது மலை, சாரே. இங்கே சத்தம் மேலே ஏறும், கீழே இறங்காது. எங்கள் மாதா கோவில் மணியும் அப்படித்தான்" என்றார் மலையாளத்தில். நான் எலப்புள்ளிக்காரன், மலையைப் பற்றி வாதாட எனக்கு அருகதை இல்லை. பேசாமல் கப்பைக்கிழங்கைத் தின்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் முழங்கால் இரண்டும் முறையிட முறையிட மறுபடியும் மேலே ஏறினேன். இரண்டு நீளம், ஒரு குட்டை. மறுபடியும் அதே கிணறு. கத்துவதை விட்டுவிட்டு, காதை அழுத்தி வைத்துக்கொண்டு சும்மா கேட்டேன். அப்போதுதான் அது கேட்டது. ஒரு கோழி. முட்டையிட்ட கோழி போடுகிற கூப்பாடு. அதை யாரோ ஒரு பெண் "ச்சூ, சனியனே!" என்று அடக்குகிறாள்.

நான் நின்ற இடத்தில் கோழி இல்லை. ஜோசப்பிடமும் கோழி கிடையாது. முந்தாநாள் கம்பியைத் தேடிப் போனபோது கீழ் டிவிஷன் கங்காணியின் பெண்சாதி பேச்சியம்மாளின் கோழி ஒன்று என் கருவிப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்தது நினைவுக்கு வந்தது.

டெலிபோனில் சொன்னேன்: "அந்தக் கோழி ஆருதுங்க?"

கோழியை அடக்கிய குரல் சட்டென்று நின்றது. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். யாரோ போனை மாட்டிவிட்டார்கள். ஜோசப்பின் குரல் கொஞ்சம் மேலே வந்தது.

"ஆரோ மாவாட்டறீங்களே, நீங்களும் வெச்சுப்போடுங்க." 'டக்.' குரல் இன்னும் மேலே வந்தது.

"ஸ்டோர்ல இருமறவரு?" 'டக்.'

"பங்களாவுல ஆரோ எண்ணெயில தாளிச்சிட்டு இருக்கறீங்க." நீண்ட யோசனைக்குப் பிறகு, 'டக்.'

ஜோசப் இப்போது என் காதுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். "சாரே, என்ன செய்தீர்கள்? ஒரு பேட்டரியில் இவ்வளவு சத்தமா?" என்று மலையாளத்தில் கத்தினார். நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. "சாரே, இன்னும் யாரோ மூச்சு விடுகிறார்கள்" என்றார்.

மூச்சு விட்டது ஆபீஸ். தங்கையா.

எனக்கு வந்த சிரிப்பில் அந்தச் சுவரையே பிடித்துக்கொண்டேன். செல்வியும் காரணம் தெரியாமலே சிரித்தாள். ஏழு கருவியையும் எடுத்து வைத்திருந்தால் ஒரு பேட்டரியில் வருகிற குரலை ஏழு காது பங்கு போட்டுக்கொள்ளும். மற்ற மணிகளுக்கு உரியவரைத் தவிர யாரும் எடுப்பதில்லை, அதனால் எல்லாம் தெளிவாகக் கேட்டது. டிஸ்பென்சரி மணிக்கு மட்டும் எல்லாரும் எடுத்தார்கள். சோதிக்க வந்த நாங்கள் இருவரும் முதலில் டிஸ்பென்சரிக்குள் உட்கார்ந்துகொண்டு மற்றவர்களைக் கூப்பிட்டோமே தவிர, அந்த மணியை அடித்துப் பார்க்கவே இல்லை.

சிரித்துக்கொண்டே இறங்கினேன். ஆபீசுக்கு வந்து சேர்ந்தபோது சிரிப்பு நின்றிருந்தது. நான் கேட்டுக்கொண்டபடி, வேலை முடிகிற நேரத்துக்கு எல்லா டிவிஷனிலிருந்தும் போனுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களைத் தங்கையா வரவழைத்திருந்தார். ஒட்டுக்கேட்பது தவறு என்று நான் பாடம் நடத்தத் தயாராக வந்திருந்தேன். பேச்சியம்மாள் என்னை ஒரு வார்த்தைகூட முடிக்க விடவில்லை.

"ஒட்டுக்கேக்க எங்களுக்கு என்ன வேண்டுதலா? போன தடவ அந்தப் புள்ள கத்துனப்ப யாருக்குமே கேக்கல. ஒருத்தருக்குக் கேட்டிருந்தாக்கூட வெரசா ஓடியிருப்போம். இப்ப அந்த மணி அடிச்சா, அடுப்புல எது கெடந்தாலும் போட்டுட்டு ஓடியாந்து எடுக்குறோம். கேக்காம எப்படிய்யா இருக்கச் சொல்றீங்க?"

ஸ்டோர்க்காரர் இருமினார்.

"எல்லாருக்கும் மொதல்ல எடுக்குறது நாந்தான் தம்பி" என்றார் தங்கையா மெதுவாக. "ஒவ்வொரு தடவையும் எம்மகதானோன்னு எடுத்துருவேன்."

இப்படி ஒரு கோளாறு வேறு எந்த ஊரில் வரும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருத்திக்காகப் பதறி எல்லாரும் எடுக்கிறார்கள், எடுப்பதாலேயே அவள் குரல் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

எனக்குத் தெரிந்த மொழியில்தான் சொன்னேன். "நம்மூருல வாய்க்காத் தண்ணி வரும்போது ஆளாளுக்கு மடைய வெட்டி வுட்டா, கடைசி வயக்காட்டுக்குச் சொட்டுத் தண்ணி போவாதுங்க. அதே கதைதான். அந்தப் புள்ளைக்குத் தண்ணி போவோணும்னா நடுவுல எல்லாரும் மடைய அடைச்சு வெக்கோணும்."

"அடச்சுட்டா எங்களுக்குச் சேதி எப்படித் தெரியும்?" பேச்சியம்மாள்தான்.

அது நியாயமான கேள்வி. அன்று வரை நான் டெலிபோனைப் பேசுகிற சாமானாகவே நினைத்திருந்தேன். மணி மட்டும் அடித்தால் கம்பியின் பலம் குறையாது. எத்தனை பேர் கேட்டாலும் போனை எடுக்காத வரைக்கும் ஏழு மணியும் முழுசாக அடிக்கும். அதையே சேதியாக்கிவிடலாம் என்று தோன்றியது. உடனே விதிகள் செய்தோம். டிஸ்பென்சரி மணிக்கு ஜோசப்பைத் தவிர யாரும் எடுக்கக் கூடாது. விவரம் கேட்டு முடித்ததும் ஜோசப் எல்லாருக்கும் மணியடித்துச் சொல்வார். நான்கு குட்டை என்றால் தூக்குவதற்கு ஆள் வேண்டும், கம்பளியோடு ஒற்றையடிப் பாதைக்கு வாருங்கள். ஒரே ஒரு நீளம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. பிள்ளை பிறந்து எல்லாம் நலம் என்றால், பிறந்த இடத்திலிருந்தே கைப்பிடியை விடாமல் கை வலிக்கும்வரை சுற்ற வேண்டும்.

"கை வலிக்கிற வரைக்குமா?" என்றார் ஸ்டோர்க்காரர்.

"சந்தோசத்துக்கு என்ன அளவு?" என்றாள் பேச்சியம்மாள். அவள் ஒப்புக்கொண்டால் தோட்டமே ஒப்புக்கொண்ட மாதிரி என்று தங்கையா பிறகு சொன்னார்.

சனிக்கிழமை காலை. பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். பெரட்டு, அதாவது காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புவது, முடிந்து தங்கையா அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். வெளியே மூடுபனி. சுவரில் மணி அடித்தது.

நீளம். நீளம். குட்டை.

தங்கையாவின் கை தானாகவே போனை நோக்கி எழுந்தது. பாதி வழியில் நின்றது. அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்து மேசைமேல் அழுத்தி வைத்துக்கொண்டார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், விதி செய்தவனாகிய எனக்கே அதைப் பிடுங்கிக் காதில் வைக்க வேண்டும் போலிருந்தது. தோட்டம் முழுவதும் ஐந்து சுவர்களுக்கு முன்னால் இப்படித்தான் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். யாராவது ஒருவர் பொறுக்கமாட்டாமல் எடுத்துவிட்டால்? பேச்சியம்மாள் எடுத்துவிட்டால்?

"அவளாத்தான் இருக்கும்" என்றார் தங்கையா.

"கேக்குதுங்கண்ணா. அங்க பேசிட்டு இருக்கறாங்க. கம்முனு இருங்க."

கேட்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? வாயில் வந்ததைச் சொன்னேன்.

மணி மறுபடி அடித்தது. குட்டை, குட்டை, குட்டை, குட்டை.

அதற்கு முன் அந்தத் தோட்டத்தில் ஆட்கள் ஓடி நான் பார்த்ததில்லை. கீழ் டிவிஷன் பக்கமிருந்து கம்பளியும் கம்புமாக ஆண்கள் சரிவில் ஏறினார்கள். முன்னால் போனது பேச்சியம்மாள். ஜோசப்பையும் பிரசவம் பார்க்கும் நர்ஸம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஜீப் "ஓய்! ஓய்!" என்று கத்திக்கொண்டே எங்களைக் கடந்து போனது. தங்கையா வாசல் வரை ஓடினார். பிறகு திரும்பி வந்தார்.

"நான் நடந்து மேல போய்ச் சேர்றதுக்குள்ள சேதி இங்க வந்துரும். வழியில மாட்டிக்கிட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது. இங்கனயே இருக்கேன் தம்பி."

இருந்தோம். நான் அவிழ்த்த பெட்டியை மறுபடி கட்டினேன், கட்டியதை அவிழ்த்தேன். அவர் மப்ளரின் நுனியைப் பிரித்துக்கொண்டே இருந்தார். கம்பெனி, துரை, கருவி, எதுவும் எனக்கு அப்போது நினைவில்லை. சுவரில் இருந்த அந்த மணி அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நீளம் என்றால் அப்படி ஒரு நீளம். மேலே கைப்பிடியைச் சுற்றுகிறவருக்குக் கை வலிக்கவே இல்லை போலிருக்கிறது. ஸ்டோர் பக்கத்திலிருந்து அதே மணி, நடு டிவிஷனிலிருந்து அதே மணி, பனிக்குள் எங்கெங்கோ அதே மணி. குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். நர்ஸம்மா சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் எடுத்துவிட்டார்களாம். கம்பளியை விரிக்க வேண்டிய வேலையே வரவில்லையாம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தங்கையா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, அதில் எனக்கு வெட்கம் இல்லை.

திடீரென்று தலையை நிமிர்த்தினார். "ஆணா, பொண்ணா?"

அதற்கு நாங்கள் மணி எதுவும் வைக்கவில்லை.

அவர் பாய்ந்து போனை எடுத்தார். அந்த நேரத்தில் தோட்டத்தில் எல்லாருக்கும் அதே கேள்வி வந்திருக்க வேண்டும். நானும் அவர் காதோடு காதை ஒட்டிக்கொண்டேன். கம்பி மறுபடியும் கிணறாகிவிட்டது. கோழி, தாளிதம், இருமல், எல்லாம் இருந்தன. அதற்கெல்லாம் அடியில் ஜோசப்பின் குரல், எறும்பு அளவில். "பெண் குழந்தை" என்றது.

அந்தக் கூட்டத்துக்கு நடுவே புதிதாக ஒரு குரல் அதட்டியது. "யாரது? என்ன இது, ஒன்றுமே கேட்கவில்லையே? அந்தப் பாலக்காட்டுக்காரன் இன்னும் இதைச் சரி செய்யவில்லையா?"

துரை. ஞாயிற்றுக்கிழமை வர வேண்டியவர் ஒரு நாள் முன்னதாகவே பங்களாவுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

தங்கையா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, அந்தத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் பேசியிராத குரலில் பேசினார்.

"தொர, போன் நல்லாத்தான் இருக்கு. நாங்க எல்லாரும் எடுத்து வச்சிருக்கோம், அதான் சத்தம் கொறையுது. மேல எம்பேத்தி அழுவுறா. கேக்குறதுக்குத்தான் எடுத்தோம்."

மேலே யாரோ போனைக் குழந்தைக்குப் பக்கத்தில் பிடித்திருக்க வேண்டும். மெல்லியதாக, நூல் மாதிரி, அந்த அழுகை கம்பி வழியாக இறங்கி வந்தது.

"கொஞ்சம் உரக்க அழச் சொல்லு" என்றார் துரை.

யாராவது ஒருவர் போனை வைத்தால் அந்த அழுகை இன்னும் நன்றாகக் கேட்கும் என்று எல்லாருக்கும் தெரியும். நான்தானே முந்தின நாள் சொல்லிக்கொடுத்தேன். 'டக்' என்ற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். ஒன்றுகூட வரவில்லை.